சுகசயனக் கட்டில்

இக்னேஷியஸ் கஞ்சியை விழுங்கப் போகும் நேரம் பார்த்துக் கட்டில் பேசியது.

"தலைப்பகுதி உயர்கிறது. அமைதி காக்கவும்."

"டேய் சைமன்! மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சுடா!"

சைமன் கரண்டியை வாயில் கவ்விக்கொண்டான். ஒரு கையில் கஞ்சிக் கிண்ணம், இன்னொரு கையில் போன். திரையில் 'சமம்' என்று எழுதியிருந்த பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கினான். கட்டில் கேட்கவில்லை. இன்னொரு முறை அமுக்கினான். கட்டில் இன்னும் கொஞ்சம் எழுந்தது.

"கால்பகுதி உயர்கிறது. அமைதி காக்கவும்."

"தலையும் தூக்குது, காலும் தூக்குது! என்னை இன்னா சப்பாத்தியா சுருட்டப் போவுதா?"

"இரு நைனா, அமுக்கினுதான கீறேன்!"

"நீ அமுக்க அமுக்கத்தான்டா தூக்குது! கைய எடுடா!"

கிழவரின் மூக்குக்கும் முழங்காலுக்கும் நடுவே ஒரு கஞ்சிக் கிண்ணம் வைக்கும் அளவுக்குத்தான் இடம் மிச்சமிருந்தது. பதற்றத்தில் சைமன் அந்த இடத்தில் கஞ்சிக் கிண்ணத்தையே வைத்தான். மறுநொடி கட்டில் படாரென்று சமமானது. கஞ்சி இக்னேஷியஸின் நெஞ்சில் தொடங்கி, பனியனுக்குள் புகுந்து, எங்கெங்கோ போய்ச் சேர்ந்தது.

"நன்றி. இந்த நாள் இனிய நாளாகட்டும்" என்றது கட்டில்.

இக்னேஷியஸ் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். மலை மாதிரி வந்து நிற்கும் கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்த மனிதர், காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கப் போன இடத்தில் ஐஸ் தண்ணீரில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்தது. எழுந்திருக்கக் கூடாது, சாப்பிடும்போது தலை மேலே இருக்க வேண்டும், முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார்.

மஸ்கட்டில் இருக்கும் மகள் சாண்ட்ரா போனில் அழுதாள். அழுகை அடங்கியதும் ஆன்லைனில் தேடி ஒரு கட்டிலை அனுப்பி வைத்தாள். 'சுகசயனம்' என்று பேர். நெட்டில் இணைந்த கட்டில். தலையைத் தூக்கும், காலைத் தூக்கும், காற்று மெத்தையை ஊதும், நல்ல தமிழில் பேசும். அதற்குப் பிடி கிடையாது, ரிமோட் கிடையாது, எல்லாமே போனில்தான். வேலைக்குப் போன இடத்திலிருந்தே அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கலாம், 'பேசு' என்ற பட்டனை அமுக்கினால் கட்டில் வழியாக அவரோடு பேசலாம். மாட்ட வந்த ஆள், "அடுத்த வூடு வெயிட்டிங்ல கீது சார்" என்று பறந்துகொண்டே கட்டிலை மாட்டி, போனோடு இணைத்துவிட்டுப் போய்விட்டான். கேமராவும் ஒன்று கொண்டு வந்திருந்தான். "எனக்கு டயப்பர் மாத்தறத மஸ்கட்டு வரைக்கும் காட்டணுமா?" என்று இக்னேஷியஸ் போட்ட சத்தத்தில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஓடினான்.

முதல் சில நாட்கள் ஒழுங்காகத்தான் இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு சைமன் அமுக்குவான், கட்டில் எழும். சில சமயம் அமுக்கிக் கொஞ்ச நேரம் கழித்து எழும். சில சமயம் அமுக்குவதற்கு முன்பே எழும்.

"நெட்டு ஸ்லோ போல" என்றாள் அவன் மனைவி ஜூடி.

"முன்னாடியே எந்திரிச்சா எப்டி ஸ்லோ ஆவும்?"

"அப்ப நெட்டு ஃபாஸ்ட்டு போல."

அதற்கப்புறம்தான் வந்தது வினை. நினைத்தால் எழுந்தது, நினைத்தால் படுத்தது. சைமனுக்கு அது மானப் பிரச்சினை. காட்டுப்பள்ளி துறைமுகத்தில் அவன் கிரேன் ஓட்டுகிறவன். கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி லாரிமேல் வைத்தால், டிரைவர் கையில் இருக்கும் டீ தளும்பாது என்று பேர் வாங்கியவன். அப்பேர்ப்பட்டவன் வீட்டில் பெற்ற தகப்பனை ஒழுங்காகத் தூக்கி வைக்க முடியவில்லை.

கஞ்சியைத் துடைத்துவிட்டு, கம்பெனிக்குப் போன் போட்டான்.

"வணக்கம் சார், சுகசயனம் வாடிக்கையாளர் சேவை. உங்க கட்டில் எண் சொல்லுங்க சார்."

போனில் இருந்த எண்ணைப் படித்தான்.

"சார், உங்க கட்டில் அருமையா வேலை செய்யுது சார். பேஷன்ட் நல்லா சாஞ்சு உக்காந்திருக்காரு சார்."

சைமன் திரும்பிப் பார்த்தான். இக்னேஷியஸ் மல்லாந்து படுத்து ஃபேனை முறைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க படுத்துகினு கீறாரும்மா."

"எங்க சிஸ்டம்ல உக்காந்திருக்காரு சார்."

"உங்க சிஸ்டம்ல உக்காந்து கீறவரு யாரும்மா? எங்க நைனா என் கண்ணு முன்னாடி படுத்துகினு கீறாரு."

"சிஸ்டம் தப்பா காட்டாது சார். ஒருவாட்டி பேஷன்டை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்."

"பேஷன்டையா?"

"ஸாரி சார், கட்டிலை."

சைமன் பிளக்கைப் பிடுங்கினான்.

கம்பெனி சும்மா இல்லை. மின்சாரம் போனாலும் இயங்க வேண்டும் என்று உள்ளே பேட்டரி வைத்திருந்தார்கள். பிளக் வெளியே வந்ததும் கட்டில், "மின்சாரம் துண்டிக்கப்பட்டது. உதவிக்கு அழைக்கிறேன்" என்று அறிவித்துவிட்டு ஊளையிட ஆரம்பித்தது. நங்கூரம் எடுக்கும் கப்பல் சங்கு ஊதுவது போல இருந்தது அந்தச் சத்தம். தெருவில் நாய்கள் பதில் சொல்லின. எதிர்வீட்டுக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஒரு குடம் தண்ணீரோடு உள்ளே வந்தார். வந்த வேகத்தில் கொஞ்சம் இக்னேஷியஸ் மேலும் ஊற்றினார்.

ஒன்று மட்டும் பேட்டரியில் ஓடாது. காற்று மெத்தை. அது புஸ்ஸென்று இறங்கியது. இக்னேஷியஸ் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனார்.

"டேய், முழுகினு கீறேன்டா! எத்தினி புயல் பார்த்தவன்டா நானு! கடல்ல முழுகாதவன் கட்டில்ல முழுகறேனேடா!"

பிளக்கை மறுபடியும் மாட்ட வேண்டியதாயிற்று. பழைய மரக்கட்டிலுக்கு மாற்றலாம் என்றால், புதுசு வந்த அன்றைக்கே பழசைச் சைமன் காயலாங்கடைக்குப் போட்டுவிட்டான்.

சாயங்காலம் விமல் வந்தான். சைமனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தோஸ்து. கல்மண்டபத்தில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்து அடியில் பார்த்தான். போனை வாங்கித் தடவினான். டாக்டர் போல உதட்டைப் பிதுக்கினான்.

"மாமு, உன் கட்டிலை எவனோ ஹேக் பண்ட்டான்."

"கட்டிலையா?"

"நெட்டுல கீற எதை வேணா பண்ணலாம் மாமு. கேமரா, ஃபிரிட்ஜு, மருந்து ஏத்தற மிஷினு, அல்லாம். இதோட பாஸ்வேர்டு இன்னா?"

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு. மாட்ன ஆளு சொல்லிட்டுப் போனான்."

விமல் தலையில் அடித்துக்கொண்டான். "வித்த கட்டிலு பூராத்துக்கும் இதே பாஸ்வேர்டுதான் போட்டு குட்த்திருப்பானுங்க. ஊருக்கெல்லாம் ஒரே சாவி. எவனோ எங்கியோ ஏசி ரூம்ல குந்திகினு உங்க நைனாவ வெச்சி வெளயாடறான்."

"எங்க நைனாவ மடிச்சி அவனுக்கு இன்னா கெடைக்கப் போவுது?"

"இப்ப டெஸ்டிங்கு. ஒரு நாளு ஃபுல்லா மடிச்சி வெச்சிட்டு, துட்டு குட்த்தாதான் நிமுத்துவேன்னு சொல்லுவான்."

கட்டிலிலிருந்து இக்னேஷியஸ் குரல் கொடுத்தார். "அப்டி ஒண்ணு கேட்டா குடுத்துடாதடா. மடிஞ்சே கெடக்கறேன்."

பாஸ்வேர்டை மாற்றுவது என்று முடிவாயிற்று. யாரும் கண்டுபிடிக்க முடியாத பாஸ்வேர்டு, ஆனால் சைமன் மறக்கவும் கூடாது.

"ஜூடி பொறந்த நாளைப் போடு" என்றான் விமல்.

"ஆகஸ்ட்டு எட்டு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே சைமன் அடித்தான்.

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"ஆகஸ்ட்டு எட்டு எவ பொறந்த நாளுங்க?" என்று கேட்டுக்கொண்டே ஜூடி வெளியே வந்தாள். கையில் தோசைக் கரண்டி.

"உன்துதான..."

"என்து மார்ச்சு."

சைமன் விமலைப் பார்த்தான். விமல் ஃபேனைப் பார்த்தான். இக்னேஷியஸ் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போலக் கிடந்தார்.

"சூப்பர் பாஸ்வேர்டு மாமு" என்றான் விமல் மெதுவாக. "இதை எவனாலயும் கண்டுபுடிக்க முடியாது. நம்ப யாரு பொறந்த நாளுமே இல்ல."

அன்றைக்கு ராத்திரி இக்னேஷியஸுக்கு மட்டும் தோசை வந்தது.

இவ்வளவு பட்டு மாற்றிய பாஸ்வேர்டுக்கு விடிந்ததும் மரியாதை போய்விட்டது. காலையில் முகத்துக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்த இக்னேஷியஸைக் கட்டில் தலைகீழாகச் சாய்த்தது. சோப்பு நுரை கண்ணுக்குப் போயிற்று. சைமன் விமலுக்குப் போன் போட்டான்.

"பாஸ்வேர்டு மாத்தியும் பூந்துட்டான்னா, இது பெரிய கை மாமு" என்றான் விமல். குரலில் கொஞ்சம் பக்தி தெரிந்தது.

சைமனுக்கு வேலைக்குப் போகவே மனசு வரவில்லை. லீவு போட்டான். கிரேனில் உட்கார்ந்திருக்கும்போது இங்கே அப்பா சுருண்டு கிடந்தால் யார் பிரிப்பது? தடுக்க முடியவில்லை, விழாமலாவது பார்த்துக்கொள்வோம் என்று, கன்டெய்னரை லாரியோடு சேர்த்துக் கட்டும் பட்டை ஒன்றைக் கொண்டு வந்தான். இக்னேஷியஸை நெஞ்சோடு, தொடையோடு, கட்டிலோடு சேர்த்து இறுக்கினான். கை இரண்டும் வெளியே வரவில்லை, நெஞ்சின் மேல் கூப்பினாற்போல் நின்றுவிட்டன.

"என்னை எந்த ஊருக்குடா ஏத்தி அனுப்பப் போற?" என்றார் அவர்.

"ரெண்டு நாளு பொறுத்துக்க நைனா. ஜூடி, அந்த வாயையும் அடைச்சிடு. அது நன்றி நன்றின்னு சொல்றதுதான் எனக்குத் தாங்கல."

ஜூடி கட்டிலின் ஸ்பீக்கருக்குள் ஒரு தலையணைப் பஞ்சைத் திணித்து, மேலே பிளாஸ்திரி ஒட்டினாள். கட்டில் ஊமையானது.

அன்றைக்குத்தான் கோயிலிலிருந்து ஃபாதர் நற்கருணை கொடுக்க வந்தார். கூடவே மரியாயின் சேனை என்ற ஜெபக் குழுப் பெண்கள், அவர்களுக்குத் தலைவி அடைக்கலமேரி. எல்லோரும் கட்டிலைச் சுற்றி முழங்காலிட்டார்கள். பட்டையெல்லாம் தெரியாமல் ஜூடி கழுத்துவரை போர்வை போர்த்தியிருந்தாள். கூப்பிய கை மட்டும் வெளியே தெரிந்தது.

"எவ்ளோ பக்தி பாரு" என்று அடைக்கலமேரி பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள்.

ஃபாதர் கண்ணை மூடி, கையை உயர்த்தி, நோயாளிக்கான ஜெபத்தைச் சொன்னார். அவர் கை உயர உயர, கட்டிலின் தலையும் சத்தமில்லாமல் உயர்ந்தது. இக்னேஷியஸ் கை கூப்பியபடியே எழுந்தார். முட்டுக் கொடுக்கவில்லை, முக்கவில்லை, முனகவில்லை. படுத்திருந்தவர் அப்படியே நிமிர்ந்து வந்தார்.

முதலில் பார்த்தது அடைக்கலமேரிதான்.

"மாதாவே! அண்ணன் எந்திரிச்சிட்டாரு!"

"எந்திரிக்கலம்மா! இஸ்துகினு போவுது!" என்று இக்னேஷியஸ் கத்தினார்.

"ஆமாண்ணா, ஆண்டவர்தான் இஸ்துகினு போறாரு!"

பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். ஃபாதர் கண்ணைத் திறந்தவர், தன் கையை ஒருமுறையும் இக்னேஷியஸை ஒருமுறையும் பார்த்து, கையைச் சட்டென்று கீழே இறக்கினார். அதே நேரம் கட்டிலும் இறங்கியது. ஃபாதருக்கு வியர்த்துவிட்டது. சந்தேகத்துக்காக இன்னொரு முறை கையைக் கொஞ்சமாக உயர்த்திப் பார்த்தார். கட்டிலும் எழுந்தது.

சாயங்காலத்துக்குள் வாசலில் செருப்பு குவிந்துவிட்டது. மூட்டு வலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், பரீட்சையில் தவறியவன் ஒருவன். ஒரு அம்மா தன் ஓடாத மிக்ஸியைக் கொண்டு வந்து கட்டில் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். மெழுகுவத்திப் புகையில் இக்னேஷியஸ் இருமிக்கொண்டே கிடந்தார்.

எல்லோரையும் அனுப்பிக் கதவைச் சாத்திய பிறகு, அவர் பட்டைக்கு வெளியே நீண்ட விரல்களால், குனிந்த சைமனின் சட்டையைப் பிடித்தார். கோபம் இல்லை குரலில்.

"டேய். கடல்ல அலை வந்தா எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு தெரியும்டா. அதுக்கேத்த மாதிரி படகைத் திருப்புவேன். இது எங்கேர்ந்து வருதுன்னே தெரியலடா. எனக்கு பயமா கீதுடா."

தன் அப்பா பயமாக இருக்கிறது என்று சொல்லி சைமன் கேட்டதே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவனுக்குக் கோபம் தலைக்கேறியது.

மறுநாள் காலையில் விமலை வரவழைத்தான்.

"எனக்கு அவன்கிட்ட பேசணும்டா. மொகத்துக்கு நேரா கேக்கணும்."

"மொகம் எங்க கீது? ஆனா ஒரு வழி கீது மாமு" என்றான் விமல். "'பேசு'ன்னு ஒரு பட்டன் கீதே. அவன் இந்தக் கட்டிலு லைனுக்குள்ளதான குந்திகினு கீறான்? நீ பேசினா அவன் காதுல விழும்."

சைமன் வாசற்படியில் போய் நின்றான். பட்டனை அமுக்கினான். 'உங்கள் குரல் ஒலிக்கிறது' என்று திரையில் வந்தது. மூச்சை இழுத்துக்கொண்டான்.

"டேய்! எவ்ளோ நாளைக்குடா படுத்துகினே ஆட்டம் போடுவ? வெளிய வாடா! ஆம்பளையா இருந்தா எந்திரிச்சு வாடா! வந்தா உன் ரெண்டு காலையும் ஒடைப்பேன். ஒடைச்சி, சாவற வரைக்கும் படுத்த படுக்கையா ஆக்கிடுவேன். ஒருத்தன் வந்து உனக்கு மூத்திரப் பை மாத்தணும், அப்டி பண்ணிடுவேன்!"

உள்ளே கட்டில் துள்ளியது. தலை எழுந்தது, படுத்தது, கால் எழுந்தது, படுத்தது.

"கேட்டுட்டான்டா!" என்று விமல் குதித்தான். "கான்டாக்ட் ஆயிடுச்சு மாமு! வுடாத!"

சைமன் விடவில்லை. தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் தீர்ந்து, துறைமுகத்தில் மாலுமிகளிடம் கற்றுக்கொண்ட பாஷை தெரியாத கெட்ட வார்த்தைகளுக்கும் போனான். அவன் குரல் உயர உயரக் கட்டில் எண்ணூர்க் கடல் போலக் கொந்தளித்தது. இக்னேஷியஸின் பல்செட் வாயை விட்டுப் புறப்பட்டு, அலமாரிமேல் இருந்த மாதா படத்தின் காலடியில் போய் உட்கார்ந்தது.

"நீ அவனைத் திட்டற, அவன் என்னை ஆட்டறான்!" என்று பல்லில்லாத வாயால் அவர் கதறினார். "நடுவுல நான் இன்னா பாவம்டா பண்ணேன்!"

ஜூடி ஓடி வந்து போனைப் பிடுங்கினாள். மூன்று பேரும் சேர்ந்து பட்டையை அவிழ்த்து, தலைக்கு ஒரு ஆள், காலுக்கு ஒரு ஆள், நடுவில் ஒரு ஆள் என்று பிடித்து, இடுப்பு அசையாமல் இக்னேஷியஸைத் தூக்கித் தரையில் பாயில் கிடத்தினார்கள். ஆளில்லாத கட்டில் தன் பாட்டுக்கு எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

"போலீஸுக்குப் போங்க" என்றாள் ஜூடி. அந்த 'ஆகஸ்ட்டு எட்டு'க்குப் பிறகு அவனோடு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஸ்டேஷனில் செங்கொடி என்ற பெண் காவலர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். எதிர் பெஞ்சில் ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நெற்றி நிறைய குங்குமம், புடவையில் இட்லி மாவு.

"இன்னா விஷயம்?" என்றார் செங்கொடி.

"எங்க வூட்டுக் கட்டிலை ஹேக் பண்ட்டானுங்க மேடம்."

சிரிப்பார் என்று சைமன் எதிர்பார்த்தான். செங்கொடி சிரிக்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்குமா? இந்தம்மா கம்ப்ளெய்ன்டும் அதான். ராமசெல்வின்னு, பின்னாடி தெருவுல இட்லிக் கடை போட்டுகினு கீறாங்க."

சைமனுக்குக் கூடப் பிறந்தவளைப் பார்த்தது போல் இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"உங்க வூட்லயுமாக்கா?"

"ஆமாப்பா" என்றாள் ராமசெல்வி. "எங்க வூட்டுக்காரரு குணசேகரன், மணலில டேங்கர் லாரி ஓட்டினாரு. லாரி மேலேர்ந்து வுழுந்து ரெண்டு காலும் போச்சு. போன வாரம்தான் ஒரு ஆளு இன்னொரு வூட்ல மாட்டிட்டு ஓடி வந்து, எங்களுக்கு இந்த சுகசயனக் கட்டிலை மாட்டிட்டுப் போனான். அந்த மனுசனை ஒரு பேமானி எங்கேர்ந்தோ போட்டு ஆட்டறான். சாப்ட்டுகினு இருக்கறப்ப சாய்க்கறான். தூங்கறப்ப உக்கார வெக்கறான். இட்லி தொண்டையிலயே நிக்குதுப்பா."

"அதே பேமானிதான்கா! எங்க நைனாக்கும் அதேதான்!"

"நீ ஆம்பளப் புள்ள, தாங்கிக்கற. இன்னிக்கு காலைல பேச வேற ஆரம்பிச்சிட்டான்பா. கட்டிலுக்குள்ளேர்ந்து."

"பேசினானா?" சைமன் எழுந்தே விட்டான். "எங்க வூட்ல அவன் பேசவே இல்லியே! பொம்பளன்னு உங்களை மட்டும் மெரட்றான்கா. இன்னா சொன்னான்?"

"வாயில சொல்ற மாதிரியா கீது? எங்க வூட்டுக்காரரு போர்வையை இஸ்து மூடிகினு, பழைய சண்டைல எவனோ தேடிகினு வந்துட்டான்னு குலதெய்வத்தைக் கூப்ட்டுகினு கீறாரு. மூத்திரத்துக்குக்கூட வாய் தொறக்க மாட்டேங்கறாரு." அவள் மறுபடியும் முந்தானையை எடுத்தாள்.

சைமனுக்கு ரத்தம் கொதித்தது. தன் வீட்டுக் கஷ்டமே மறந்துபோயிற்று. மேஜையில் ஓங்கித் தட்டினான்.

"மேடம், இவனை சும்மா வுடக் கூடாது! படுத்துகினு கீற பேஷன்டை மெரட்றவன் மனுசனே கெடையாது. எளுதிக்கங்க. வெலங்கு மாட்டி தெருவுல இஸ்துகினு போவணும். எங்க தெரு வழியா, மாதா கோயில் தெரு வழியா, மார்க்கெட் வழியா. ஜனங்க பாக்கணும், காறித் துப்பணும். நான் சொன்னேன்னு என் பேரைப் போட்டே எளுதிக்கங்க!"

"எழுதிக்கறேன்" என்றார் செங்கொடி. உண்மையாகவே தட்டச்சு செய்தார். பிறகு, "அம்மா, அவன் பேசினதைப் போன்ல புடிச்சி வெச்சிருக்கேன்னீங்களே, அதைப் போடுங்க. சாருக்கு அடையாளம் தெரியுதான்னு பாப்போம்" என்றார்.

ராமசெல்வி போனை மேஜைமேல் வைத்தாள். முதலில் கரகரவென்று சத்தம். பின்னால் யாரோ ஒரு ஆண் முருகா முருகா என்று அழுவது கேட்டது. அதற்கு மேலே, ஸ்டேஷன் முழுக்க அதிர, ஒரு குரல்.

"...யாருகிட்டடா வெச்சிக்கற? கிரேன் ஓட்டறவன்டா நானு! உன் கட்டிலோட சேத்து உன்னைத் தூக்கி கடல்ல போட்டுடுவேன்! காட்டுப்பள்ளில வந்து கேட்டுப் பாரு, சைமன்னா யாருன்னு!"

லாக்கப்பில் இருந்த ஒருவன்கூடக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

செங்கொடி கம்ப்யூட்டரில் இருந்த பெயரைப் பார்த்தார். சைமனைப் பார்த்தார். மறுபடியும் பெயரைப் பார்த்தார்.

"மாதா கோயில் தெரு வழியாதான சார் போவணும்னு சொன்னீங்க?"

சைமன் கை இரண்டையும் கூப்பினான். "மேடம்... மாதா மேல சத்தியமா... அது இவங்க வூட்டுக்காரருக்கு சொன்னதில்ல மேடம்! எங்க வூட்டுக் கட்டிலுக்குள்ள பூந்தவனுக்கு சொன்னது! ஒருத்தன் எங்க நைனாவை தெனம் டிஃபன் நேரத்துக்குத் தூக்கறான் மேடம். நான் சமம் பட்டனை அமுக்கினா மடக்கறான். இன்னிக்கு காலைல நான் பேசப் பேச, வெறி புடிச்சவன் மாதிரி ஏத்தி ஏத்தி எறக்கறான்! நம்புங்க மேடம்!"

மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த ராமசெல்வி பாதியில் நிறுத்தினாள். தன் கட்டைவிரலைப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த போனைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையைத் தூக்கிக் கேட்டாள்:

"தம்பி, எங்க வூட்டுக்காரரை நிமுத்தணும்னு ஒரு வாரமா வெரலு தேய இந்த போனை அமுக்கினு கீறேன், நான் அமுக்கறதுக்கு அந்த மனுசன் அசையவே இல்ல... அப்ப நான் தூக்கித் தூக்கி எறக்கினது உங்க நைனாவையா?"